கடல் அவர்களிடம், நெல் இவர்களிடம்

கே.கே. நகருக்குத் தெற்கே ஜாபர்கான்பேட்டை. அதையும் தாண்டினால் அடையாறு. வடக்கே விருகம்பாக்கமும் சாலிகிராமமும், மேற்கே நெசப்பாக்கம், கிழக்கே அசோக் நகர். வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, தெருப் போட்டு உருவாக்கிய குடியிருப்பு இது. இதற்கு என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். குடியிருப்புக்கு இல்லாவிட்டாலும் அதன் அடியில் இருக்கும் நிலத்துக்கு இருக்கிறது. 1702ஆம் ஆண்டில் இந்த நிலம் ஒரு நாட்டில் இருந்தது. இங்கிருந்து வடகிழக்கே பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜார்ஜ் கோட்டை இன்னொரு நாட்டில் இருந்தது. இடையில் கிடக்கும் நுங்கம்பாக்கம்கூட அன்று ஆங்கிலேயர் கைக்குப் போயிருக்கவில்லை.

இந்தப் பக்கம் ஒளரங்கசீப்பின் பேரரசு. வடமேற்கே காபூல்வரை நீண்டிருந்த அதன் தென்கிழக்கு ஓரம் சாந்தோம் கடற்கரையில் வந்து முடிந்தது. அந்தப் பக்கம், மணல் திட்டில் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வணிகக் கம்பெனி, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி. அதை அன்றைக்குப் பேரரசு என்று சொன்னால் அதன் இயக்குநர்களே சிரித்திருப்பார்கள். ஆனால் அதற்குச் சொந்தமாகக் கோட்டை இருந்தது, படை இருந்தது, நாணயசாலை இருந்தது, 1688 முதல் மேயரும் மாநகராட்சியும் இருந்தன. கடலில் அதன் கப்பல்களுக்குச் சமமாக முகலாயரிடம் எதுவும் இல்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்தன, மிரட்டின, விருந்து வைத்தன, ஏமாற்றின. முழுப்போர் மட்டும் சென்னையில் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை, பிறகு அந்த அரைகுறைச் சமாதானம் எதனால் உடைந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

அறிவியல் புனைகதை வாசகர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானது. அமெரிக்க எழுத்தாளர் பால் ஆண்டர்சன் 1950களில் தொடங்கி எழுதிய கதை வரிசை ஒன்றில், விண்மீன்களுக்கிடையே விரிந்து கிடக்கும் மனிதப் பேரரசுக்கு மூப்புத் தட்டிவிட்டிருக்கும். அதன் எல்லைக்கு அப்பால் மெர்சியர்கள் என்ற வேற்றுக்கோள் இனத்தின் அரசு, அளவில் சிறியது, வயதில் இளையது, காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் தூதர்களும் உளவாளிகளும் விருந்துகளும் எல்லைச் சச்சரவுகளும். ஐசக் அசிமோவ் 1942இல் தொடங்கிய விண்மீன் பேரரசுக் கதைகளுக்கு ரோமாபுரியின் வீழ்ச்சியைப் பற்றிய கிப்பனின் வரலாற்று நூல்தான் தூண்டுதல். அதாவது வருங்காலம் என்று நாம் படிப்பது பெரும்பாலும் இறந்தகாலம்தான். அப்படியிருக்க, ரோம்வரை போகாமல் அடையாற்றங்கரையிலேயே நின்று பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. விண்வெளிப் பேரரசுக் கதைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று இங்கே கண்ணுக்குத் தெரியும்: யார் யாருக்குச் சோறு போட்டார்கள், யார் யாரிடம் வாடகை வாங்கினார்கள் என்ற கணக்கு.

முதலில் அந்நியர் யார் என்பதையே பார்க்க வேண்டும். 1639இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் மதராசபட்டணம் என்ற கடற்கரைத் துண்டைக் கம்பெனிக்குக் கொடுத்தபோது, மேலே இருந்தது விஜயநகரத்தின் மிச்சமான சந்திரகிரி அரசு. 1640களின் நடுவிலேயே கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இந்தப் பகுதியைப் பிடித்துவிட்டார். 1687இல் கோல்கொண்டாவையே ஒளரங்கசீப் விழுங்கினார். இந்த வரிசையில் பார்த்தால், முகலாயர் இங்கே வந்து சேர்ந்தபோது ஆங்கிலேயர் ஏற்கெனவே நாற்பத்தெட்டு ஆண்டுகளாகக் குடியிருந்தார்கள். முகலாயப் பேரரசின் பெயரால் இந்த மண்ணை ஆண்ட தாவூத் கான் பன்னி ஓர் ஆப்கானியர். அலுவல் மொழி பாரசீகம். கோட்டையில் ஆங்கிலமும் உடைந்த போர்த்துகீசியமும். விருகம்பாக்கத்தில் ஏர் பூட்டியவனுக்கு இருவருமே வேற்றுக்கோள்காரர்கள். ஒருவன் குதிரையில் வந்து வரி கேட்டான், மற்றவன் கப்பலில் வந்து துணி கேட்டான்.

உறவின் அடிப்படை வாடகை. தொடக்கத்தில் துறைமுகச் சுங்க வருவாயில் பாதியை மேலரசுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. பாதி என்றால் ஒவ்வோராண்டும் கணக்குப் பார்க்க வேண்டும், கணக்குப் பார்க்க வருபவன் கோட்டைக்குள் உட்கார வேண்டும். இது கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. 1658இல் ஆண்டுக்கு 380 வராகன் (பொற்காசு) என்று ஒரே தொகையாக முடித்துக்கொண்டார்கள். 1672இல் கோல்கொண்டாவின் அதிகாரி நெக்நாம் கான் அதை 1200 வராகனாக உயர்த்தினார். அதற்கு ஈடாகக் கோட்டையின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற உறுதி கிடைத்தது. முகலாயர் வந்த பிறகும் அதே 1200 தொடர்ந்தது. சென்னையில் வீட்டுச் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடப்பதுதான் இங்கும் நடந்தது. வாடகை உயராமல் இருக்க ஒருவர் தந்திரம் செய்வார், தண்ணீர்க் குழாயை அடைப்பது மற்றவர் கையில் இருக்கும்.

தண்ணீருக்குப் பதில் இங்கே நெல். கோட்டையைச் சுற்றியிருந்த மணலில் ஒன்றும் விளையாது. அரிசி, விறகு, வைக்கோல், ஆடுமாடு எல்லாமே பூந்தமல்லிச் சாலை வழியாகவும் அடையாற்றுப் பக்கத்திலிருந்தும் வர வேண்டும். நெசவாளர்களும் சாயக்காரர்களும் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே இருந்த ஊர்களில் வாழ்ந்தார்கள். பூந்தமல்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி சாலையை மறித்துவிட்டால் கோட்டை திணறும். 1680ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோல்கொண்டாவின் பூந்தமல்லி அதிகாரி லிங்கப்பா இதைச் செய்து காட்டினார். கம்பெனியின் பதில் எப்போதும் கடலிலிருந்துதான் வந்தது. வடக்கே ஆந்திரக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அரிசிக் கப்பல் வரும்; தேவைப்பட்டால் பேரரசின் வணிகர்களுடைய கப்பல்களைக் கடலில் மடக்கலாம். கரையில் கம்பெனி பணயம். கடலில் பேரரசின் வணிகம் பணயம். இப்படி ஒருவர் கழுத்தில் மற்றவர் கை இருந்ததால்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். நல்லெண்ணத்துக்கு இதில் பங்கு குறைவு என்பது என் கணிப்பு.

இந்தச் சமநிலையை மறந்தபோது என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 1686இல் கம்பெனியின் லண்டன் தலைவர் ஜோசையா சைல்டு தொடங்கிய போர். முகலாயப் பேரரசின் மீது சில கப்பல்களை ஏவிப் பணிய வைக்கலாம் என்று அவர் நம்பினார். வங்காளத்தில் கம்பெனி விரட்டப்பட்டது. அங்கிருந்து கம்பெனியின் பொறுப்பாளர் ஜாப் சார்னாக் தன் ஆட்களோடு வந்து ஒதுங்கிய இடம் சென்னை. பம்பாயை முகலாயர் பக்கம் நின்ற சித்திகள் முற்றுகையிட்டார்கள். விசாகப்பட்டினத்தில் கம்பெனி ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். 1690இல் ஒளரங்கசீப் மன்னிப்பு வழங்கினார். விலை ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதமும் பகிரங்கப் பணிவும். சார்னாக் திரும்பிப் போய் கல்கத்தாவைத் தொடங்கினார்.

இத்தனைக்கும் நடுவே சென்னையில் ஒரு துப்பாக்கிகூட எதிரியை நோக்கி வெடிக்கவில்லை. கோல்கொண்டா விழுந்த செய்தி வந்ததும் ஆளுநர் எலிஹு யேல் புதிய பேரரசரை ஏற்றுக்கொண்டுவிட்டார். லண்டன் போர் செய்துகொண்டிருந்தது, சென்னை வாடகை கட்டிக்கொண்டிருந்தது. அதே யேல் 1690இல், முகலாயரின் பகைவரான மராட்டிய ராஜாராமிடமிருந்து கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தை விலைக்கு வாங்கி, அங்கே செயின்ட் டேவிட் கோட்டையை நிறுவினார். செஞ்சிக்குள் ராஜாராம், வெளியே எட்டாண்டு முற்றுகையோடு முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான். கம்பெனி உள்ளே இருப்பவரிடம் நிலம் வாங்கியது, வெளியே இருப்பவருக்கு வெடிமருந்து கொடுத்து ஃபர்மான் (அரசாணை) வாங்கியது. 1692இல் முகலாய இளவரசர் காம்பக்ஷிடமிருந்து, பேரரசரின் பெயர் பொறித்த ரூபாயைச் சென்னையிலேயே அடிக்கும் உரிமையும் கிடைத்தது. 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்களும் கிடைத்தன.

தொலைவைப் பற்றி ஒரு வார்த்தை. விண்மீன் பேரரசுக் கதைகளில் தலைநகரின் கட்டளை எல்லைக்கு வந்து சேரும்போது நிலைமை மாறிப்போயிருக்கும். இங்கே அது கற்பனை இல்லை. லண்டனிலிருந்து சென்னைக்குக் கப்பல் வர ஆறு மாதம், சில சமயம் அதற்கு மேல். கேள்வி கேட்டுப் பதில் பெற ஓராண்டு கடந்துவிடும். ஒளரங்கசீப்பின் கூடாரமோ தக்காணத்தில் கோட்டை கோட்டையாக நகர்ந்துகொண்டிருந்தது. ஆகவே இரண்டு பேரரசுகளுக்கும் இடையிலான உறவு என்று நாம் சொல்வது, நடைமுறையில், ஆற்காட்டுச் சீமையைக் கவனித்த ஒரு கானும் கோட்டையிலிருந்த ஓர் ஆளுநரும் அவர்களுக்கு நடுவில் நடந்து தேய்ந்த சில இடையாட்களும் தங்களுக்குள் நடத்திக்கொண்டது.

இடையாட்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் காசி வீரண்ணா, 1680இல் இறக்கும்வரை கம்பெனியின் தலைமை வணிகர். கம்பெனி ஏற்றுமதி செய்த துணியின் பெரும்பகுதி அவர் கை வழியாகத்தான் வந்தது. அதே வீரண்ணா தம் இறுதி ஆண்டுகளில் கோல்கொண்டாவிடமிருந்து சாந்தோமைக் குத்தகைக்கும் எடுத்திருந்தார். ஆங்கிலேயரின் முதன்மை வணிகரே எதிர்ப்பக்கத் துறைமுகத்தின் குத்தகைதாரர்! இன்றைய மொழியில் இது நலன் முரண். அன்றைக்கு இதுதான் எல்லையைத் திறந்து வைத்திருந்த ஏற்பாடு. இரு பக்கமும் அவருக்குப் பணம் இருந்ததால் இரு பக்கமும் சண்டை வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். அவர் இறந்தபோது கோட்டை பீரங்கி முழக்கி மரியாதை செய்தது.

மற்றவர் நிக்கோலோ மனுச்சி. வெனிஸில் பிறந்து, சிறுவயதிலேயே கப்பலேறி, ஷாஜகானின் மகன் தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் வேலை செய்து, பிறகு வைத்தியர் வேடம் பூண்டு, கடைசியில் சென்னையில் ஓர் ஆங்கிலேயரின் விதவையை மணந்து குடியேறியவர். பாரசீகம் பேசுவார், அரண்மனை நடைமுறை அறிந்தவர், கோட்டைக்குள் வீடும் தோட்டமுமாக வாழ்ந்தவர்களோடு பழகுபவர். முகலாயர் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலில் எதை நம்புவது எதை விடுவது என்பது அறிஞர்களின் தீராத் தலைவலி. 1701இல் தாவூத் கானிடம் பேச ஆள் தேவைப்பட்டபோது ஆளுநர் தாமஸ் பிட் தேடிப் பிடித்தது இந்தக் கிழவரைத்தான். ஆண்டர்சனின் நாயகன் டொமினிக் ஃப்ளாண்ட்ரிகூட மனுச்சியின் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் சாதாரணமாகத் தெரிவான்.

இனி 1701, 1702. தாமஸ் பிட் ஒரு காலத்தில் கம்பெனியின் தனியுரிமையை மீறி வணிகம் செய்து அதோடு மோதியவர். திருடனைக் காவல்காரனாக்கிய கதையாக 1698இல் ஆளுநர் ஆனார். தாவூத் கான் ஜுல்பிகர் கானின் கீழ் வளர்ந்த தளபதி, இப்போது இந்தச் சீமையின் நவாப். குடியிலும் வேட்டையிலும் ஈடுபாடு உள்ளவர், போரில் துணிந்தவர். 1701 ஜூலையில் அவர் கோட்டைக்கு விருந்துக்கு வந்தார். சிறிதும் பெரிதுமாக அறுநூறு வகைத் தட்டுகள் பரிமாறப்பட்டதாகக் கோட்டைக் குறிப்புகள் சொல்கின்றன. நாட்டியம் நடந்தது. பிரெஞ்சுப் பிராந்தியும் சீனப் பட்டு மெத்தை விரிப்புகளும் பரிசாகப் போயின. இருவரும் ஒருவரையொருவர் அளந்துகொண்ட சந்திப்பு இது. நவாப் கோட்டையின் மதில்களையும் பீரங்கிகளையும் பார்த்தார். பிட், நவாபின் படை எத்தகையது, அவருக்கு எதில் ஆசை என்பதைப் பார்த்தார்.

நவாபின் ஒரு திட்டம் பிட்டை அதிகம் உறுத்தியது. தாவூத் கானுக்குச் சாந்தோம் பிடித்துப்போயிற்று. போர்த்துகீசியரின் பழைய ஊர். 1672இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, கோல்கொண்டாவும் டச்சுக்காரர்களும் சேர்ந்து முற்றுகையிட்டு 1674இல் மீட்ட இடம். அதை மறுபடி துறைமுகமாக்கி வணிகர்களை இழுத்தால், ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் பேரரசின் சொந்தச் சுங்கச்சாவடி முளைத்துவிடும். பெரிய படையைவிட இது ஆபத்து. முகலாயர் இதைத் தொடர்ந்து செய்திருந்தால் சென்னையின் வரலாறு வேறு வழியில் போயிருக்கலாம். ஆனால் துறைமுகம் வளர்க்கப் பத்து இருபது ஆண்டுப் பொறுமை வேண்டும். ஒரு கானின் பதவிக்காலம் அவ்வளவு நீளாது, அடுத்து வருபவருக்கு அதில் அக்கறை இருக்காது.

1702 பிப்ரவரியில் மறிப்பு தொடங்கியது. காரணம் சென்னையில் இல்லை. 1695இல் ஹென்றி எவரி என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையன், மெக்கா யாத்திரிகர்களோடு திரும்பிய பேரரசரின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைச் சூறையாடினான். அடுத்தடுத்துச் சூரத் வணிகர்களின் கப்பல்கள் பறிபோயின. ஐரோப்பியர்கள் இதற்குப் பொறுப்பேற்றுக் கடலைக் காவல் செய்ய வேண்டும் என்பது ஒளரங்கசீப்பின் நிலை. அந்த நேரத்தில் லண்டனில் ஒன்றுக்கு இரண்டாக ஆங்கிலக் கம்பெனிகள் இருந்தன. புதிய கம்பெனிக்காக வந்த அரச தூதர் வில்லியம் நாரிஸ் பன்ஹாளாவில் பேரரசரைச் சந்தித்தார், கடல் பாதுகாப்புக்கு உறுதி தர மறுத்தார், பேச்சு முறிந்தது. ஐரோப்பியர் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் உத்தரவு மாகாணங்களுக்குப் போனது. எங்கோ அரபிக்கடலில் யாரோ செய்த கொள்ளைக்குச் சென்னைக்கு வர வேண்டிய வண்டிகள் நின்றன.

தாவூத் கான் சாந்தோமில் முகாமிட்டார். சாலைகள் அடைபட்டன, சரக்கு பிடிக்கப்பட்டது, சுற்றியிருந்த கம்பெனி ஊர்கள் கொள்ளை போயின. பிட் கப்பல் மாலுமிகளைக் கரையிறக்கினார், ஊர்க்காவல் படையைக் கூட்டினார், பேச்சையும் விடவில்லை. மூன்று மாதம் இப்படியே நகர்ந்தது. யாரும் மதிலில் ஏறவில்லை. குதிரைப்படையால் கோட்டை மதிலை ஒன்றும் செய்ய முடியாது. கோட்டைக்காரர்களாலும் வெளியே வந்து குதிரைப்படையைத் துரத்த முடியாது. மே மாதத்தில் ஒப்பந்தம்: நவாபுக்கு 20,000 ரூபாய், திவானுக்கு 5,000. பறிபோன சரக்கும் ஊர்களும் திரும்ப வர வேண்டும்.

இந்த 25,000 ரூபாயை இன்னொரு தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஏறக்குறைய அதே மாதங்களில் பிட் தம் சொந்தக் கணக்கில் ஜம்சந்த் என்ற வைர வணிகரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். கிருஷ்ணா ஆற்றங்கரையின் சுரங்கங்களிலிருந்து வந்த பெரிய வைரம். கடைசியில் 48,000 வராகனுக்கு முடிந்தது. வராகன் ஒன்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் மதிப்பு. ஆக, ஓர் ஆளுநர் ஒரு கல்லுக்குக் கொடுத்தது, உலகின் மிகப் பெரிய பேரரசுகளில் ஒன்று தன் மூன்று மாத மறிப்பை விலக்கிக்கொள்ள வாங்கியதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். 1717இல் அந்தக் கல் 1,35,000 பவுனுக்குப் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரிடம் விற்கப்பட்டது. அந்தச் செல்வத்தில் வளர்ந்த குடும்பத்திலிருந்து இங்கிலாந்துக்கு இரண்டு பிரதமர்கள் வந்தார்கள். ஒளரங்கசீப்பின் அதிகாரிகள் கோட்டைக்குள் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதைக் கடைசிவரை சரியாக எடை போடவில்லை என்றே நினைக்கிறேன். வாடகை 1200 வராகனிலேயே நின்றுவிட்டது.

மறிப்பு முடிந்ததும் இருவரும் பழையபடி நண்பர்கள். பிட் மதுப்புட்டிகள் அனுப்பினார். 1708இல் தாவூத் கான் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்ற ஐந்து ஊர்களை எழுதிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் இதை மதிக்கத் தயங்கினார்கள். 1717இல் பரூக்சியரின் ஃபர்மான் வந்த பிறகே அந்த ஊர்கள் உறுதியாகக் கம்பெனி கைக்கு வந்தன. தாவூத் கான் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1715இல் புர்ஹான்பூரில் தில்லி அரசியல் சண்டையொன்றில் மடிந்தார்.

அரசுகளின் இழுபறியைப் பார்க்கையில் அதற்குள் வாழ்ந்தவர்கள் கண்ணில் படாமல் போகிறார்கள். 1707இல், கோட்டைக்கு வெளியே உள்ளூர் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில் வலங்கை இடங்கைச் சாதிகளுக்கிடையே தெரு உரிமைத் தகராறு முற்றியது. கம்பெனியின் தீர்ப்பு பிடிக்காமல் வலங்கையினர் பலர் கூட்டமாகக் கிளம்பிச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். நெசவும் சாயமும் சரக்குத் தூக்கலும் நின்றன. பிட் எவ்வளவு கோபப்பட்டாலும், எல்லைக்கு அந்தப் பக்கம் அவர் ஆணை செல்லாது. பேச்சு நடத்தித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. இரு அரசுகள் அருகருகே இருந்ததால் எளியவருக்குக் கிடைத்த ஆதாயம் இது. ஒருவன் கொடுமை தாங்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தால் மற்றவன் ஊர். பிற்காலத்தில் இரண்டும் ஒன்றானபோது இந்த வழி அடைந்துபோனதைப் பேரரசு வரலாறுகள் இழப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லை எவ்வளவு ஓட்டை உள்ளதாக இருந்தது என்பதற்குச் சைதாப்பேட்டையில் கல்லிலேயே சான்று இருந்தது. 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் தம் சொந்தச் செலவில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார்; இன்றைய மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடம். முப்பதாயிரம் வராகன் செலவு என்பார்கள். கட்டியவர் கோட்டையின் நகரத்தில் வாழ்ந்த வணிகர். ஆறும் இரண்டு கரையும் நவாபின் நிலம். கடந்து போனவர்கள் பரங்கிமலைக்குச் செல்லும் கிறித்தவப் பக்தர்கள். யார் நாட்டில் யார் பாலம் கட்டுவது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1746இல் எல்லாம் மாறியது. மாற்றியது ஆங்கிலேயர்கூட இல்லை. செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். பிடித்தால் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனிடம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரி ஆளுநர் தூப்ளே வாக்குக் கொடுத்திருந்தார், ஒப்படைக்கவில்லை. நவாபின் மகன் மகபூஸ் கான் பத்தாயிரம் பேர் அளவிலான படையோடு வந்தார். அக்டோபர் 24ஆம் நாள் அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகே, புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸ் என்ற தளபதியின் ஆயிரம் பேர்கூட நிரம்பாத படை அதை எதிர்கொண்டது. ஐரோப்பியர் இருநூற்றுச் சொச்சம். மீதி, வரிசையில் நின்று சுடப் பழகிய நம் நாட்டுச் சிப்பாய்கள் எழுநூறு பேர். ஆற்றில் இறங்கி நடந்து வந்து, கரையேறி, ஒரே நேரத்தில் சுட்டார்கள், மறுபடி சுட்டார்கள். பழைய போரில் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே குதிரை பாய நேரம் இருக்கும். இங்கே அந்த இடைவெளி இல்லை. நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறி ஓடியது.

இறந்தவர் எண்ணிக்கையில் இது சிறிய சண்டை. ஆனால் அறுபது ஆண்டுகளாக இரு தரப்பையும் பேச வைத்த அந்தக் கணக்கு, கரை உனக்கு கடல் எனக்கு என்பது, அன்று மாலையோடு காலாவதியாகிவிட்டது. கரையையும் பிடிக்கலாம், அதுவும் இந்த ஊர் ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியே பிடிக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்ததை ஆங்கிலேயர்கள் பாடமாகப் படித்தார்கள். 1749இல் சென்னை அவர்களுக்குத் திரும்பி வந்த அதே ஆண்டில் சாந்தோமையும் மயிலாப்பூரையும் சேர்த்துக்கொண்டார்கள். தாவூத் கானின் துறைமுகக் கனவு அத்தோடு முடிந்தது. 1763இல் நவாப் முகமது அலி, தம்மை அரியணையில் வைத்துக் காத்த செலவுக்கு ஈடாகச் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765இல் தில்லிப் பாதுஷா ஷா ஆலம் அதை உறுதி செய்தார். கோட்டையைச் சுற்றியிருந்த நெல் விளையும் நாடு முழுவதும் இதில் அடங்கியது. சாலையை மறிக்க இனி யாரும் இல்லை.

வெற்றி பீரங்கியோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முகமது அலி ஆற்காட்டை விட்டுக் கோட்டைப் பீரங்கிகளின் நிழலுக்கே குடிவந்து, 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். படைச் செலவுக்குக் கம்பெனியிடம் கடன். அதைக் கட்டக் கம்பெனி ஊழியர்களிடமே தனிக்கடன், கொழுத்த வட்டிக்கு. பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் இதில் பெரும் செல்வர்களானார்கள். தஞ்சாவூர் வருவாய்வரை அடமானத்தில் இழுபட்டது. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். ஒரு காலத்தில் வாடகை பேசிக் கோட்டையை நடுங்கவைத்த பதவி, அந்தக் கோட்டையின் குமாஸ்தாக்களுக்கு வட்டி கட்டும் நிலைக்கு வந்திருந்தது. 1200 வராகன் வாடகை இதற்குள் எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. 1801 ஜூலை 31ஆம் நாள் ஒப்பந்தத்தின்படி கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமையின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போனது. நவாபின் குடும்பத்துக்கு நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அந்த நிகரம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பையும் கம்பெனியே வைத்துக்கொண்டது.